லைட்னிங் காலில் இருந்து டேட்டா சென்டர் வரை: யார் முதலில் போவது?

ட்ரங்க் கால் புக் செய்த காலம் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? என் வயதுக்காரர்களுக்கு (நாற்பதைத் தாண்டியாச்சு, அதுக்கு மேல் கேட்காதீங்க) லேசாக இருக்கும். பம்பாயில் இருக்கும் அண்ணனிடம் பேச வேண்டுமென்றால் எக்ஸ்சேஞ்சுக்கு போன் போட்டு, நம்பரைச் சொல்லிவிட்டு, போன் பக்கத்திலேயே காத்துக் கிடக்க வேண்டும். புக் செய்யும்போது எந்த வகைக் கால் என்று சொல்லியாக வேண்டும். ஆர்டினரியா, அர்ஜென்ட்டா, லைட்னிங்கா?

ஆர்டினரிக்குச் சாதாரணக் கட்டணம். அர்ஜென்ட்டுக்கு இரண்டு மடங்கு. லைட்னிங்குக்கு எட்டு மடங்கு. மூன்று நிமிஷப் பேச்சுக்கு எட்டு மடங்கு கொடுக்க வேண்டுமென்றால் வீட்டில் யாருக்காவது உயிர் ஊசலாடிக் கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அப்பா பெரிய வியாபாரியாக இருக்க வேண்டும்.

இன்று டேட்டா சென்டரில் இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுகளில் இன்ஜினியர்கள் செய்து வைக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. எந்த டேட்டா முதலில் போகணும், எதற்கு எத்தனை சதவீதம் பேண்ட்வித் என்று ஒரு பட்டியல். பேர் என்னமோ பெரிதாக இருக்கும், ஆனால் கேள்வி அதே பழைய ட்ரங்க் கால் கேள்விதான். நான் பி.காம். படித்து வங்கியில் கணக்குப் பார்ப்பவன், இன்ஜினியர் இல்லை. ஆனாலும் இந்த விஷயத்தின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, இது கம்ப்யூட்டர் கதையை விட நம்ம கதை மாதிரி இருந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

காசுக்கு முன்னுரிமை

இந்தியாவில் தந்தி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1855-ல். மூடப்பட்டது 2013 ஜூலையில். இந்த 158 வருஷத்தில் தந்தி அடிப்பவர் முன்னால் ஆர்டினரி, எக்ஸ்பிரஸ் என்ற தேர்வு வந்து சேர்ந்தது. எக்ஸ்பிரஸுக்கு அதிகக் காசு. ட்ரங்க் கால் அதையே மூன்று படியாக ஆக்கியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. லைட்னிங் காலுக்கு எட்டு மடங்கு கட்டியதால் மதுரைக்கும் பம்பாய்க்கும் நடுவில் புதிதாக ஒரு கம்பி முளைத்துவிடவில்லை. இருக்கிற கம்பி அதேதான். நீங்கள் முன்னால் போனால், வரிசையில் நின்ற வேறொருவர் ஒரு படி பின்னால் போனார். அவ்வளவுதான் நடந்தது. முன்னுரிமை என்பது எதையும் புதிதாக உண்டாக்குவதில்லை. ஒருவருடைய காத்திருப்பை இன்னொருவர் தலையில் வைக்கிறது. இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

1960 நவம்பரில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவில் எஸ்.டி.டி. வந்தது, இந்தியாவிலேயே முதலாவது. நாமே டயல் செய்யலாம். அது ஊர் ஊராகப் பரவப் பரவ, ஆபரேட்டரும் போனார், லைட்னிங்கும் போனது. எங்கேஜ்டு டோன் பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே மாதிரிதான் கேட்கும். லைன்கள் பெருகினால் முன்னுரிமைப் பேச்சே அடங்கிவிடும். பற்றாக்குறை வந்தால் மறுபடி தலைதூக்கும்.

பதவிக்கு முன்னுரிமை

மறுபடி தலைதூக்கியது இன்டர்நெட்டில். இன்டர்நெட்டில் எல்லாமே பொட்டலங்களாகப் (பாக்கெட்) போகும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மேலே ஒரு விலாசச் சீட்டு. அந்தச் சீட்டில் என்னென்ன கட்டம் இருக்க வேண்டும் என்று 1981 செப்டம்பரில் வெளிவந்த ஆர்எஃப்சி 791 என்ற ஆவணம் சொன்னது. அதில் முன்னுரிமைக்கென்று மூன்று பிட் ஒதுக்கினார்கள். மூன்று பிட்டில் எட்டு படிகள் வரும்: ரொட்டீன், பிரையாரிட்டி, இமீடியட், ஃப்ளாஷ், ஃப்ளாஷ் ஓவர்ரைடு என்று ஏறிக்கொண்டே போகும்.

இந்தப் பெயர்களைப் பார்த்தாலே மணம் தெரியும், இது ராணுவச் சமையல். இன்டர்நெட்டுக்கு முதலில் காசு கொடுத்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. ராணுவச் செய்திகளில் தளபதியின் கட்டளை முதலில், கேன்டீன் கணக்கு கடைசியில். அதை அப்படியே எடுத்து இங்கே வைத்தார்கள்.

ராணுவத்துக்குச் சரி. ஊர் உலகத்துக்கு? பொட்டலத்தின் மேல் முத்திரை குத்துவது அனுப்புகிறவர் கையில். எல்லோரும் தன்னுடையதற்கு உச்ச முத்திரை குத்தினால் என்ன ஆகும்? அரசு அலுவலகத்தில் எல்லா ஃபைலிலும் சிவப்பு "அர்ஜென்ட்" சீட்டு தொங்குமே, அந்தக் கதைதான். பொது இன்டர்நெட்டில் அந்த மூன்று பிட்டை யாரும் பெரிதாக மதிக்கவில்லை.

வரிசைக்கு நியாயம்

1986 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரு விபத்து. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் தூரம் வெறும் 400 கஜம். விநாடிக்கு 32,000 பிட் போய்க் கொண்டிருந்த இடத்தில் திடீரென்று 40 பிட் ஆனது. எண்ணூறில் ஒரு பங்கு. நெரிசலில் பொட்டலங்கள் தொலைய, தொலைந்ததை எல்லோரும் மறுபடி மறுபடி அனுப்ப, நெரிசல் இன்னும் முற்றியது. வான் ஜேக்கப்சன் என்பவர் இதை ஆராய்ந்து, அனுப்புகிறவர்கள் தாங்களாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறையை 1988-ல் வெளியிட்டார்.

ஆனால் ஒருவர் அடங்கிப் போக, பக்கத்தில் இருப்பவர் அடங்காவிட்டால்? பஸ் ஸ்டாண்டில் வரிசையில் நிற்பவனுக்கு சீட் கிடைக்குமா, ஜன்னல் வழியே துண்டு போடுபவனுக்குக் கிடைக்குமா? இதற்கு ஜான் நேகிள் 1985-லேயே ஒரு வழி சொல்லியிருந்தார். எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்க வைக்காதே. ஆளுக்கு ஒரு வரிசை கொடு, ஒவ்வொரு வரிசையிலிருந்தும் முறை வைத்து ஒன்றொன்றாக எடு. பேராசைக்காரன் ஆயிரம் பொட்டலம் கொட்டினால் அவனுடைய வரிசைதான் நீளும், அடுத்தவனுக்குப் பாதகமில்லை.

இதில் ஓர் ஓட்டை. ஒருவருடைய பொட்டலம் பெரிசு, இன்னொருவருடையது சின்னது. எண்ணிக்கையில் சமம் என்றால் பெரிய பொட்டலக்காரனுக்கு லாபம். 1989-ல் டெமர்ஸ், கேசவ், ஷெங்கர் மூவரும் பொட்டலத்தை எண்ணாமல் பிட்டைக் கணக்கிட்டுப் பகிரும் முறையைத் தந்தார்கள். அதில் கேசவ் ஐ.ஐ.டி. டெல்லியில் படித்தவர். ஆனால் அந்தக் கணக்கை ஒவ்வொரு பொட்டலத்துக்கும் போடுவது அந்தக் கால இயந்திரங்களுக்குப் பெரிய பாரம்.

1995-ல் ஸ்ரீதர், ஜார்ஜ் வர்கீஸ் என்ற இருவர் (வர்கீஸ் ஐ.ஐ.டி. பம்பாய்க்காரர்) மிக எளிமையான ஒரு முறை கொடுத்தார்கள். டெஃபிசிட் ரவுண்ட் ராபின் என்று பேர். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, ஏனென்றால் இது நம்ம லெட்ஜர்!

ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கணக்கு. ஒவ்வொரு சுற்றிலும் அதில் 500 பைட் வரவு வைக்கப்படும் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் நிற்கும் பொட்டலம் 1200 பைட். முதல் சுற்றில் இருப்பு 500, போதாது. இரண்டாம் சுற்றில் 1000, போதாது. மூன்றாம் சுற்றில் 1500, பொட்டலம் போகும், மீதி 300 அடுத்த சுற்றுக்கு கேரி ஃபார்வர்ட். வரிசை காலியாகிவிட்டால் மீதி ரத்து. மார்ச் 31-ந் தேதி செலவழியாத பட்ஜெட் தொகை காலாவதி ஆவது போல. காத்திருந்தவனுக்குப் பாக்கி சேரும், தேவையில்லாதவன் பதுக்கி வைக்க முடியாது. ஒரு வரிசைக்குச் சுற்றுக்கு 500, இன்னொன்றுக்கு 1500 என்று மாற்றி வைத்தால் பேண்ட்வித் ஒன்றுக்கு மூன்று என்று பிரிந்துவிடும். சதவீத ஒதுக்கீட்டுக்கு அடிப்படை இந்த மாதிரிக் கணக்குதான்.

திவால் கணக்கு

காமர்ஸ் படித்தவர்களுக்கு இன்னொரு உதாரணம் சொன்னால் சட்டென்று பிடிபடும். ஒரு கம்பெனி திவாலானால் இருக்கிற பணத்தை யாருக்கு முதலில் கொடுப்பது? 1956 கம்பெனிச் சட்டத்தில் 530-வது பிரிவு. இப்போது 2016 திவால் சட்டத்தின் 53-வது பிரிவு. முதலில் நடைமுறைச் செலவு. அடுத்தது ஈடு வாங்கிக் கடன் கொடுத்தவர்களும் தொழிலாளர் பாக்கியும் சரிசமமாக. பிறகு மற்ற ஊழியர் சம்பளம், பிறகு ஈடில்லாத கடன் என்று இறங்கி, கடைசியில் சாதாரணப் பங்குதாரர். ஒரே படியில் இருப்பவர்களுக்குப் பணம் போதாவிட்டால் விகிதாசாரப்படி பிரித்துக் கொடுக்க வேண்டும்.

ஸ்விட்ச் செய்வதும் இதேதான். படிகளுக்கு நடுவில் கண்டிப்பான முன்னுரிமை, ஒரு படிக்குள் விகிதாசாரம். கம்பெனிக்கு ஆயுளில் ஒரு தடவை வரும் திவால், நெரிசல் நேரத்தில் ஸ்விட்சுக்கு விநாடியில் பல தடவை வரும். கையில் பணம் தாராளமாக இருந்தால் 53-வது பிரிவை யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள். அதுபோல லைன் காலியாக இருக்கும்போது முன்னுரிமைப் பட்டியலுக்கு வேலையே இல்லை.

தொழிலாளர் பாக்கியை ஈடு பெற்ற கடனுக்குச் சமமாக வைத்தது 1985-ல் வந்த 529-ஏ பிரிவு. அதற்கு முன்னால் அவர்கள் கீழே நின்றார்கள். வரிசை தானாக மாறவில்லை, மாற்ற வேண்டும் என்று யாரோ முடிவு செய்தார்கள்.

அறுபத்துநாலு கேபிபிஎஸ்ஸில் ஒண்ணாந்தேதி

திருவனந்தபுரத்துக்கு வருவோம். இது செக்ரட்டேரியட் ஊர், பென்ஷன்காரர்கள் ஊர். மாதப் பிறப்பில் வங்கி வாசலில் மணி ஒன்பதரைக்கே குடையோடு ஒரு கூட்டம் நிற்கும். கோர் பேங்கிங் வந்த புதிதில் நான் பார்த்த ஒரு கிளையில் விநாடிக்கு 64,000 பிட் போகும் ஒற்றை லைன். கவுன்டரில் பாஸ்புக்கை வைத்துவிட்டு ஒரு அம்மச்சி "சாரே, ஆயோ?" என்று கேட்டுக் கொண்டிருப்பார், ஸ்கிரீனில் மணற்கடிகாரம் சுற்றிக் கொண்டிருக்கும். உள்ளே ஏதோ ஒரு கம்ப்யூட்டர் அதே லைனில் ஆன்டி-வைரஸ் அப்டேட்டை இறக்கிக் கொண்டிருக்கும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு முழுப் பொட்டலம் 1500 பைட், அதாவது 12,000 பிட். 64,000-ல் அது போய் முடிய 187 மில்லி விநாடி. போனில் பேசும் குரல் ஒரு பக்கம் போய்ச் சேர 150 மில்லி விநாடிக்குள் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் வரையறை. ஒரே ஒரு அப்டேட் பொட்டலம் முன்னால் நின்றாலே அது போச்சு. பணம் எடுக்கும் தகவலோ சில நூறு பைட்தான் இருக்கும். அதற்கு முன்னால் இருபது அப்டேட் பொட்டலம் நின்றால் கிட்டத்தட்ட நாலு விநாடி. ஒரு பரிவர்த்தனைக்கு இப்படிப் பலமுறை போய்வர வேண்டும். அம்மச்சி நின்றுகொண்டே இருப்பார்.

இதற்கு மருந்து 1998 டிசம்பரிலேயே வந்திருந்தது. டிஃப்சர்வ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பழைய மூன்று பிட் இருந்த இடத்தில் ஆறு பிட், 64 முத்திரைகள். முக்கியமான மாற்றம் எண்ணிக்கையில் இல்லை. முத்திரையை யார் குத்துவது என்பதில்தான். அனுப்புகிறவர் குத்தியதை நம்பாமல், நெட்வொர்க்கின் வாசலிலேயே நிர்வாகம் பார்த்து மறுபடி குத்தும். குரலுக்கு 46 என்ற எண் வழக்கமானது. வங்கிப் பரிவர்த்தனைக்கு ஒரு முத்திரை, மெயிலுக்கு ஒன்று, அப்டேட்டுக்கு எல்லாவற்றுக்கும் கீழே ஒன்று. புது லைன் போடாமலேயே கவுன்டர் நகரும். அப்டேட் மத்தியானம் முடிவதற்குப் பதில் சாயங்காலம் முடியும். யாருக்கு நஷ்டம்?

ஆறாட்டு வரும்போது விமானம் நிற்கும்

இப்போது டேட்டா சென்டருக்குள் போகலாம். கேரள அரசின் டேட்டா சென்டர்கள் இந்த ஊரில்தான், பாளையம் பக்கம் கோ-பாங்க் டவர்ஸிலும் டெக்னோபார்க்கிலும் இருக்கின்றன. (1990-ல் தொடங்கிய டெக்னோபார்க்தான் இந்தியாவின் முதல் டெக்னாலஜி பார்க்.) பொதுவாக டேட்டா சென்டர் என்றால் உள்ளே 10 கிகாபிட், அதற்கும் மேல். மேலே சொன்ன 1500 பைட் பொட்டலம் 10 கிகாபிட்டில் போக 1.2 மைக்ரோ விநாடிதான். அப்புறம் என்ன பற்றாக்குறை என்று கேட்கலாம்.

பற்றாக்குறை வேறு மாதிரி வரும். பல சர்வர்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு அனுப்பும்போது ஸ்விட்சில் இருக்கும் சின்ன நினைவகம் நிரம்பி வழியும். வழிந்த பொட்டலம் தொலையும். மெயில் பொட்டலம் தொலைந்தால் மறுபடி வரும், பரவாயில்லை. ஆனால் ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் தகவல் தொலைவதைப் பொறுக்காத முறைகள் சில உண்டு. 1997-ல் வந்த ஒரு ஏற்பாட்டில், நினைவகம் நிரம்பப் போகிறது என்றால் ஸ்விட்ச் "நிறுத்து" என்று பின்னால் சொல்லும், எல்லாமே நிற்கும். ஒரு லாரிக்காக ஊரையே மறிப்பது போல. 2011-ல் ஐஈஈஈ அமைப்பு இதைத் திருத்தியது. எட்டு வகுப்புகளில் எந்த வகுப்பு நிரம்புகிறதோ அதை மட்டும் நிறுத்து, மற்றவை ஓடட்டும்.

இதற்கு திருவனந்தபுரத்தில் கண் முன்னாலேயே உதாரணம் இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலில் வருஷத்துக்கு இரண்டு திருவிழா. பைங்குனி, அல்பசி. (நம்ம பங்குனியும் ஐப்பசியும்தான்!) முடிவில் சுவாமி ஆறாட்டுக்கு சங்குமுகம் கடற்கரைக்குப் போவார். போகும் வழி விமான நிலைய ஓடுபாதை. அன்று சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தம். முன்கூட்டியே அறிவிப்பு போய்விடும், விமானங்கள் நேரத்தை மாற்றிக்கொள்ளும். எந்த விமானமும் தொலைவதில்லை, தாமதமாகிறது. ஊரில் பஸ்ஸும் ரயிலும் பாட்டுக்கு ஓடும். ஒரு வகுப்பை மட்டும் நிறுத்துவது என்றால் இதுதான்.

ஆனால் "நிறுத்து" என்று சொல்லும் அதிகாரம் ஆபத்தானதும்கூட. முன்னால் இருப்பவன் நின்றால் பின்னால் இருப்பவனும் நிற்க வேண்டும், அவனுக்குப் பின்னால் இருப்பவனும். மைக்ரோசாஃப்ட் ஆட்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், பழுதான ஒரே ஒரு நெட்வொர்க் கார்டு விடாமல் "நிறுத்து, நிறுத்து" என்று கத்தியதால் பெரிய நெட்வொர்க்கே முடங்கும் நிலை வந்ததை எழுதியிருக்கிறார்கள். அதிகாரம் கொடுத்தால் அதைக் கண்காணிக்கவும் ஓர் ஆள் வேண்டும்.

அதே 2011 ஏற்பாட்டின் இன்னொரு பாதி பேண்ட்வித் ஒதுக்கீடு. உதாரணத்துக்கு, ஸ்டோரேஜுக்கு 40 சதவீதம், பரிவர்த்தனைக்கு 30, பேக்கப்புக்கு 20, மற்றதுக்கு 10 என்று வைக்கலாம். இது உச்சவரம்பு அல்ல, குறைந்தபட்ச உத்தரவாதம். பகலில் பேக்கப் ஓடாவிட்டால் அதன் 20-ஐ மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம். பேக்கப் வந்து கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏன் கடைசி ஆளுக்கும் 10 சதவீதம்? கண்டிப்பான முன்னுரிமை மட்டும் இருந்தால், மேலே இருப்பவன் ஓயாமல் பேசிக் கொண்டிருக்க, கீழே இருப்பவன் பட்டினி கிடப்பான். அந்தப் பத்து சதவீதம் பட்டினிக்கு எதிரான சட்டம்.

வீட்டு ரூட்டரும் பொதுச் சாலையும்

இதெல்லாம் நமக்கெதற்கு என்று துபாயிலும் சிங்கப்பூரிலும் நியூ ஜெர்சியிலும் இருப்பவர்கள் கேட்கக்கூடும். ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருக்கும் அம்மாவிடம் வீடியோ காலில் பேசும்போது படம் உறைந்து போகிறதா? பக்கத்து அறையில் பையனுடைய போன் ஆயிரம் போட்டோவை மேலே ஏற்றிக் கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பல ரூட்டர்களில் அளவுக்கு மீறி நீளமான ஒற்றை வரிசை இருப்பதுதான் வினை. நேகிள் சொன்ன ஆளுக்கொரு வரிசையும், வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் முறையும் சேர்ந்து 2018-ல் ஆர்எஃப்சி 8290 என்று வெளிவந்தது. அந்த வசதி உள்ள ரூட்டரில் க்யூஓஎஸ் என்றோ எஸ்க்யூஎம் என்றோ ஒரு பொத்தான் இருக்கும். போட்டுப் பாருங்கள்.

வீட்டுக்குள் முன்னுரிமை வைப்பது நம் உரிமை. பொதுச் சாலையில்? காசு கொடுக்கும் கம்பெனியின் பொட்டலத்துக்கு மட்டும் தனிச் சலுகை கொடுக்கலாமா என்ற சண்டை 2015-ல் இந்தியாவில் பெரிதாக நடந்தது. லட்சக்கணக்கான பேர் டிராய்க்கு மெயில் அனுப்பினார்கள். 2016 பிப்ரவரி 8-ந் தேதி டிராய், உள்ளடக்கத்தைப் பார்த்து வேறு வேறு கட்டணம் வாங்குவதைத் தடை செய்தது. பொட்டலங்களுக்கு நடுவே பாரபட்சம் கூடாது என்ற கொள்கையை 2018 ஜூலையில் மத்திய அரசு ஏற்றது. லைட்னிங் கால் பொதுச் சாலைக்குப் புது வேஷத்தில் திரும்பி வரப் பார்த்தது, வாசலிலேயே நிறுத்தினார்கள்.

ஆக, காசு, பதவி, நியாயம் என்று மூன்று அளவுகோல்கள். மூன்றும் இன்றைய ஸ்விட்சுக்குள் இருக்கின்றன. எட்டே எட்டு வரிகள் கொண்ட அந்தப் பட்டியலைப் பெரும்பாலும் ஓர் இன்ஜினியர் ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்து நிரப்புகிறார். பேக்கப் முக்கியமா, பென்ஷன் கவுன்டர் முக்கியமா என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டியது கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் என் போன்றவர்கள். கடன் கொடுக்கும் வரிசையை நிர்ணயிக்கக் கமிட்டி போடுகிறோம், இதற்கும் ஒரு அரை மணி நேரம் உட்காரலாம். அடுத்த முறை உங்கள் ஆபீஸில் நெட்வொர்க் ஆள் வந்து "எதுக்கு சார் முன்னுரிமை கொடுக்கட்டும்?" என்று கேட்டால், "அதெல்லாம் டெக்னிகல், நீங்களே பார்த்துக்குங்க" என்று அனுப்பிவிடாதீர்கள். யார் காத்திருப்பது என்று அவர் கேட்கிறார். அதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது.